கண் கெட்ட பிறகா சூரிய நமஸ்காரம்?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

இந்த ஆண்டு மலரில் எங்கள் வகுப்பின் புகைப்படத்தைப் பார்ப்பவர்கள், பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் கண்ணாடி அணிந்தவர் ஒருவருமில்லை என்று எண்ணிக்கொள்ளக்கூடும். உண்மை அதுவன்று. படம் எடுக்க வந்தவர், “கண்ணாடியெல்லாம் பளபளக்கிறது, கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். பதினேழு பேர் கழற்றினோம். கழற்றிய பிறகு காமிரா எந்தப் பக்கம் இருக்கிறதென்று சரியாகத் தெரியாமல் குத்துமதிப்பாகச் சிரித்துவைத்தோம். நாங்கள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது இதே வேப்பமரத்தடியில் எடுத்த படம் எங்களுள் பலர் வீட்டில் இருக்கிறது. அன்று எவரையும் எதையும் கழற்றச் சொல்ல வேண்டிய அவசியம் நேரவில்லை.

இடையில் ஒன்பது ஆண்டுகளில் எங்கள் கண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியே எழுத முற்படுகிறோம். அறிவியல் டீச்சரிடம் கேட்டும், கண் மருத்துவமனையில் பணிபுரியும் எங்கள் தோழியின் அத்தையிடம் கேட்டும், கணினி அறையில் தேடிப் படித்தும் அறிந்தவற்றை எழுதுகிறோம். டாக்டர்களுக்கு இவை தெரிந்த செய்திகளே. பெற்றோருக்கும், பாடவேளை அட்டவணை போடுகிறவர்களுக்கும்தான் இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எங்கள் எண்ணம்.

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். உடம்போடு அதுவும் வளர்ந்து, பெரியவர்களுக்கு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் ஆகிறது. நிற்க வேண்டிய அளவில் நில்லாமல் கண் மேலும் நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. கையிலுள்ள புத்தகம் தெரியும், கரும்பலகை தெரியாது. இதுவே கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய இரண்டரை ‘பவர்’ ஏறிவிடும். நீண்ட கண் மறுபடி சுருங்காது. கண்ணாடி பிம்பத்தைச் சரியான இடத்தில் விழச் செய்கிறதே தவிர, கண்ணைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதில்லை. பவர் ஆறைத் தாண்டினால், பிற்காலத்தில் விழித்திரை விலகுதல், கண் நீரழுத்த நோய் போன்றவை வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகையால் “கண்ணாடிதானே, போட்டுக்கொண்டால் போயிற்று” என்று விட்டுவிட இயலாது.

நம் வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்கள் பல. எங்கள் பாட்டிமார் மன்னிக்க வேண்டும்! பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் தின்றால் கிட்டப்பார்வை வாராது என்பது சரியன்று. வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் மாலைக்கண் வரும். அதைத் தடுக்கக் கீரை வேண்டும். ஆதலால் கீரையைத் தட்டில் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் நீளுகிற கண்ணைக் கீரை நிறுத்தாது. “கண்ணாடி போட்டால் பவர் ஏறும்” என்பது மற்றொரு நம்பிக்கை. இதை நம்பிச் சிலர் வேண்டிய அளவைவிடக் குறைவான பவரில் கண்ணாடி வாங்கித் தருகிறார்கள். மலேசியாவில் பிள்ளைகளிடம் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கே பவர் விரைவாக ஏறியது தெரிந்தது.

அடுத்தது, “எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது, என்ன செய்வது?” என்பது. தாய் தந்தையருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம் என்பது மெய்யே. ஆனால் 2008-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது நாங்கள் வியந்துபோனோம். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சத்துப் பிள்ளைகளை, ஆறு ஏழு வயதுக்காரர்களை, ஒப்பிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 29 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 விழுக்காட்டினருக்கே. சிட்னிப் பிள்ளைகள் படிக்காமல் இருந்துவிடவில்லை. புத்தகங்களை அவர்களே அதிகம் படித்தார்களாம். பெரிய வேற்றுமை ஒன்றுதான் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்திற்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வீட்டுக்கும் வகுப்புக்கும் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம் இருந்தார்கள்.

காரணம் வெளிச்சம் என்கிறார்கள். நம் வகுப்பறைக்குள் எல்லா விளக்கையும் போட்டாலும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் அளவில்தான் இருக்கும். வெளியே நிழலில் கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். நேர் வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்னும் பொருள் சுரந்து, கண் அளவுக்கு மீறி நீளாதபடி தடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இதற்காகச் சூரியனை நேரே பார்க்க வேண்டும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அது கண்ணைப் பொசுக்கிவிடும். வெளியில் இருந்தால் போதும்.

செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சீனாவில் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஆறு பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் ஒரு பாடவேளையைக் கூட்டினார்கள். மூன்றாண்டுகளில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு. மற்ற ஆறு பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015-இல் வெளியான முடிவு இது. ஒரே ஒரு பாடவேளைக்கு இந்தப் பலன்! தைவானில் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்பும் திட்டத்தைப் பள்ளிகளில் நடத்தினார்கள். அதற்கு முன் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போய் 2011-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுள் பாதிப் பேருக்குப் பார்வை குறைவாக இருந்தது. பின்னர் இறங்கத் தொடங்கி 2015-இல் 46 விழுக்காடாயிற்று. சிறிய இறக்கந்தான். ஆனால் ஏறிக்கொண்டேயிருந்த ஒன்று நின்று திரும்பியதே!

“இங்கே அடிக்கிற வெயிலுக்குப் பிள்ளைகளை வெளியே விட முடியுமா?” என்று அம்மாமார் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. அதற்கும் தைவானிலிருந்தே விடை கிடைக்கிறது. சுள்ளென்ற வெயில் வேண்டியதில்லை, மரநிழலும் திறந்த தாழ்வாரமுமே பயன் தரும் என்று 2018-இல் அங்கிருந்து ஓர் ஆய்வு வெளியாயிற்று. எங்கள் பள்ளியிலோ வேம்பு நான்கு, புங்கை மூன்று, கெபியருகே பெரிய வாதாம் மரம் ஒன்று இருக்கின்றன. ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாட்டு மனப்பாடம் செய்யவும், வாய்ப்பாடு சொல்லவும் சுவரும் கூரையும் எதற்கு? இருபது பேர் வாய்விட்டுச் சொல்வதற்கு வேப்பமரத்தடி போதாதா? சாப்பாட்டு மணி அடித்ததும் சின்னப் பிள்ளைகளை பெஞ்சிலேயே உட்கார்த்தி, சாப்பிட்ட பிறகும் அங்கேயே வாய்மேல் விரல் வைத்திருக்கச் செய்கிறோம். வெளியே விட்டால் விழுந்து அடிபடுவார்கள், சீருடை அழுக்காகும் என்ற அச்சம். முழங்கால் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

இனிச் சொல்லப்போவது பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கே உரியது. டில்லியில் ஏறத்தாழ 10,000 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2015-இல் வெளியிட்டதில் 13 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகளில் அதிகம். பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நாளுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருந்தவர்களுக்குக் குறைவு. எங்கள் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தம்பி தெருவில் கிரிக்கெட் ஆடலாம். எங்களை மட்டும் “வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய்” என்று உள்ளே கூப்பிடுவார்கள். வயதுக்கு வந்த பின்னர் மாலையில் வாசலில் நிற்பதே குற்றமாகிவிடுகிறது. நிறம் ஒரு படி குறையும் என்று காப்பாற்றப்பட்டவர்களுள் பதினேழு பேர்தான் புகைப்படத்திற்காகக் கண்ணாடியைக் கழற்றினோம்.

எங்களுள் ஒருத்தியின் கதையை அவள் அனுமதியோடு சொல்கிறோம். ஏழாம் வகுப்பில் ஓராண்டு முழுவதும் அவள் கரும்பலகையைப் படிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்தே எழுதினாள். 8 என்பதை 3 என்று எழுதி, கவனமில்லை என்று பெஞ்சின் மேல் நிற்க வைக்கப்பட்டாள். மேலே நின்றபோதும் பலகை தெரியவில்லை என்று பின்னால் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ‘சோடாபுட்டி’ என்று அழைப்பார்களே என்ற பயம் ஒன்று, ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய பெரியம்மா, “பெண் பிள்ளை முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டால் நாளைக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?” என்று சொல்லக் கேட்டது இன்னொன்று. கடைசியில் பள்ளிக்கு வந்த கண் பரிசோதனை முகாமில்தான் அகப்பட்டாள். மூன்றரை பவர்! கண்ணாடி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில் பாட்டு எண் எழுதும் பலகை ஒன்று இருப்பதையே அன்றுதான் கண்டாளாம். அதுவரை பக்கத்தில் இருப்பவர்கள் எடுக்கிற பாட்டுக்கு வாயை அசைத்திருக்கிறாள்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பிள்ளையையும், முன்பெஞ்சுக்கு வரத் துடிக்கிற பிள்ளையையும், புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படிக்கிற பிள்ளையையும் திட்டுவதற்கு முன் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். பவர் விரைவாக ஏறுகிறவர்களுக்கு, அட்ரோபின் என்னும் மருந்தை மிகக் குறைந்த அளவில் சொட்டுமருந்தாகவும் டாக்டர்கள் தருகிறார்கள். அது டாக்டர் சொல்லித் தர வேண்டியது. நாமாக மருந்துக் கடையில் வாங்குவதற்கில்லை.

கைப்பேசியைப் பற்றி இவர்கள் வாய் திறக்கவில்லையே என்று யாரேனும் நினைக்கலாம். ஒப்புக்கொள்கிறோம். இரவில் போர்வைக்குள் அதை முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தவர்கள்தாம் நாங்கள். கிட்டத்தில் வைத்து நெடுநேரம் பார்ப்பது எதுவாயினும் கண்ணுக்குக் கெடுதலே. ஆனால் அந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் கண்கள் கெட்ட காலத்தில் ஆறு வயதுக் குழந்தையின் கையில் இன்றுள்ளது போன்ற கைப்பேசி ஏது? ஹோம்வொர்க்கும் ட்யூஷனும் நான்கு சுவரும் இருந்தன. கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கைடு நோட்டைக் கொடுத்தால் கண்ணுக்கு லாபம் எதுவுமில்லை. தைவானில் 30 நிமிடம் படித்தால் 10 நிமிடம் கண்ணுக்கு ஓய்வு என்று கற்றுத் தருகிறார்கள். எங்களுக்கு மாலை நான்கரை முதல் ஆறு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் ஒரே மூச்சில் நடக்கிறது.

எங்கள் விளையாட்டுப் பாடவேளைக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். அட்டவணையில் வாரத்திற்கு இரண்டு இருக்கிறது. ஜூலையில் ஒன்றைக் கணக்கும், ஆகஸ்டில் மற்றொன்றை அறிவியலும் எடுத்துக்கொண்டன. பொதுத்தேர்வு எங்கள் நன்மைக்கே என்பதை அறிவோம். டீச்சர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைத்தான் எங்களுக்குத் தருகிறார்கள் என்பதையும் அறிவோம். எங்களுக்காக இதை நாங்கள் கேட்கவுமில்லை. வெளியில் இருப்பது கிட்டப்பார்வை வருமுன் தடுக்கவே மிகுதியாக உதவும். வந்த பின் அவ்வளவாக உதவாது என்று படித்தோம். எங்களுள் பதினேழு பேருக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் பத்தாம் வகுப்பில் பாடவேளையை எடுக்கிற வழக்கம் ஒன்பதுக்கு இறங்கி, எட்டுக்கு இறங்கி, இப்போது மூன்றாம் வகுப்புக்கும் வந்துவிட்டது. அங்கே ஒலிம்பியாட் பயிற்சி நடக்கிறது. மூன்றாம் வகுப்புத் தங்கைகளுக்கு எட்டு வயது!

கண்பார்வைக்குப் பாதுகாவலியாகிய புனித லூசியாவின் திருநாளான டிசம்பர் 13 அன்று, மதர் அவர்களிடம் நாங்கள் எல்லாரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்தோம். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளையை எந்தப் பாடத்திற்கும் தரக்கூடாது. சாப்பாட்டு வேளையில் அவர்களை மரத்தடியில் விட வேண்டும், பார்த்துக்கொள்ளப் பெரிய வகுப்பு அக்காமார் முறைவைத்து வருவார்கள். ஆண்டுதோறும் ஜூனில் எல்லாருக்கும் கண் பரிசோதனை நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். மதர் இரண்டு முறை படித்தார்கள். தங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எனக்கு ஆறாம் வகுப்பில் வந்தது” என்றார்கள். மரத்தடி விஷயத்தைப் பொங்கல் விடுமுறைக்குப் பின் தொடங்கலாம் என்றும், பாடவேளை அட்டவணையைப் பற்றி ஜூனில் டீச்சர்களோடு பேசுவதாகவும் சொன்னார்கள்.

ஜூனில் நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். ஆகையால் கடிதத்தின் நகல் ஒன்றை ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் இருவரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.