ஊர் இரண்டு, உயிர் ஒன்று

அட்பரா என்று ஓர் ஊர். ஆப்பிரிக்காவில், சூடான் நாட்டில், நைல் நதிக் கரையில் இருக்கிறது. ரெயில்வேக்குப் பேர்போன ஊர். 1956-ம் ஆண்டு சூடான் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் அந்த ஊரில், ஒரு பெரிய குடும்பத்தில், அடில் எல் தயார் பிறந்தார்.

பையன் படிப்பில் கெட்டி. கார்ட்டூம் பல்கலைக் கழகத்தில் படித்து, 1982-ல் டாக்டர் ஆனார். 1996-ல் மனைவி, மக்களுடன் இங்கிலாந்துக்குப் போனார். ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தும் ஆபரேஷனில் நிபுணர் ஆனார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை. கை நிறையச் சம்பளம். பிள்ளைகள் நால்வர்.

அத்தோடு அவர் அமைதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை! 2010-ம் ஆண்டு வாக்கில் சூடானுக்குத் திரும்பினார். உறுப்பு மாற்று சிகிச்சையை அங்கேயும் வளர்க்கப் பாடுபட்டார். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் இங்கிலாந்து வந்தார்.

2020 மார்ச் மாதம். கொரோனா என்ற கொள்ளை நோய் பரவியது. எல் தயாருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வேலை செய்யப் போனார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 25-ந் தேதி லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணை மூடினார்.

மேலும் சிலர்

அதே நாளில் ஹபீப் ஜைதி என்ற டாக்டரும் இறந்தார். பாகிஸ்தானில் இருந்து வந்தவர். கடலோரச் சிற்றூர் ஒன்றில் 45 ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் பார்த்தவர். அவர் மனைவியும் டாக்டர்.

மூன்று நாள் கழித்து அம்ஜத் எல் ஹவ்ரானி. காது, மூக்கு, தொண்டை நிபுணர். இவரும் சூடான்காரர்தான். இவருடைய சகோதரர் ஒருவர் 1992-ல், இளம் வயதிலேயே, ஆஸ்துமாவால் இறந்து போனார். அந்த சகோதரரின் பெயரைத்தான் தன் மகனுக்கு வைத்திருந்தார்.

மார்ச் 31-ல் அல்பா சாது. நைஜீரியாவில் பிறந்து, சிறுவனாக இங்கிலாந்து வந்தவர். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும், நோயாளிகளுக்கு உதவ வலியப் போனவர். படேகி என்ற சொந்த ஊரில் அவருக்குப் பரம்பரைப் பட்டம் ஒன்று உண்டு. லண்டனில் டாக்டர், ஊரில் பட்டக்காரர்!

ஏப்ரல் 4-ல் அன்டன் செபஸ்தியான்பிள்ளை. இவர் இலங்கையைச் சேர்ந்தவர். பேராதனையில் படித்து 1967-ல் தேறியவர். லண்டனில் முதியோருக்கு வைத்தியம் பார்த்தார். பிறந்த நாட்டை மறக்காமல், இலங்கையின் சரித்திரத்தைப் படங்களோடு ஒரு புத்தகமாக எழுதினார்.

பிரிட்டனில் இந்த நோய்க்கு முதலில் பலியானதாகச் செய்தி வந்த டாக்டர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் வெளிநாட்டில் இருந்து குடியேறியவர்களே!

கொடுத்தது என்ன?

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இலவச வைத்தியத் திட்டம் 1948 ஜூலை 5-ந் தேதி தொடங்கியது. அன்று முதல் வெளிநாட்டு டாக்டர்களின் கை இல்லாமல் அது ஓடியதில்லை. அந்தக் கைகளுக்கு அந்த நாடு என்ன செய்தது?

ஒரு கணக்கைப் பாருங்கள். 2020-ல், விசாவில் வந்து ஆஸ்பத்திரியில் உழைக்கும் டாக்டரும் நர்சும், தங்கள் வைத்தியத்துக்கென்று ஆளுக்கு ஆண்டுக்கு 400 பவுன் தனியாகக் கட்ட வேண்டும். மனைவிக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. இத்தனைக்கும் சம்பளத்தில் வரி வேறு பிடிக்கிறார்கள்.

அந்த ஏப்ரலில் பிரதமர் போரிஸ் ஜான்சனே நோயில் விழுந்து பிழைத்தார். பக்கத்தில் இருந்து கவனித்த இரண்டு நர்சுகளுக்கு நன்றி சொன்னார். ஒருவர் நியூசிலாந்து, மற்றவர் போர்ச்சுக்கல். ஆனால் மே 20-ந் தேதி பார்லிமெண்டில் இந்தக் கட்டணம் சரிதான் என்று வாதாடினார். எதிர்ப்புக் கிளம்பியது. மறுநாளே வைத்தியப் பணியாளர்களுக்கு மட்டும் கட்டணம் ரத்து! கேட்டால்தான் கிடைக்கும் என்பது அங்கேயும் உண்மைதான் போலும்.

பணம் போகட்டும். தாய் தந்தை விஷயம்தான் மனதை உறுத்துகிறது. பிரிட்டனில் குடியேறியவர்கள் வயதான பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்வதற்கு 2012-ல் கடுமையான விதி போட்டார்கள். பெற்றோர் பிறர் உதவி இல்லாமல் நடமாட முடியாத நிலைக்கு வந்திருக்க வேண்டும். அந்த உதவி சொந்த நாட்டில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். மகன் டாக்டர், பணம் அனுப்பக் கூடியவர் என்றால் எப்படி நிரூபிப்பது? பிறருடைய தாயைத் தொட்டுப் பார்த்து மருந்து கொடுக்கிறார். தன் தாயின் இருமலை டெலிபோனில்தான் கேட்கிறார்.

ஊரின் கதி

பெற்ற நாட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. படித்தவர்கள் எல்லாம் புறப்பட்டுவிட்டால் அங்கே வைத்தியம் பார்ப்பது யார்? உலக சுகாதார நிறுவனம் 2023-ல் 55 நாடுகளின் பட்டியலை வெளியிட்டது. வைத்தியப் பணியாளர்கள் மிகவும் குறைந்த நாடுகள் இவை. பணக்கார நாடுகள் இங்கே வலைவீசி ஆள் பிடிக்கக் கூடாது என்பது அதன் கோரிக்கை. சூடானும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அதற்காக டாக்டர்களைக் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எல் தயார் திரும்பிப் போனாரே! 2023 ஏப்ரல் 15-ந் தேதி சூடானில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. அவர் படித்த கார்ட்டூம் நகரமே போர்க்களம் ஆயிற்று. ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.