ஆபரேஷனோடு முடிவதில்லை

பிம்ப்ரியில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்து வந்த நண்பர் ஒருவருக்குச் சாலை விபத்தில் முதுகுத் தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. பதினைந்தாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. உடனிருந்த நாமும் கேட்கவில்லை. மனைவி அவரை ரயிலேற்றி ஊருக்கு அழைத்துப் போனார். எண்ணெய் தடவினார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். நான்கே மாதத்தில் படுக்கைப் புண் வந்தது. முழங்கால்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. பிறகு ஒரு மறுவாழ்வு மருத்துவரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏன் இத்தனை நாள்?"

இப்படி ஒரு டாக்டர் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எலும்பைச் சேர்த்து வைப்பவர் எலும்பு டாக்டர். பயிற்சி கொடுப்பவர் பிசியோதெரபிஸ்ட். மறுவாழ்வு மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, 'பிசிக்கல் மெடிசின் அண்டு ரிஹாபிலிடேஷன்' என்னும் துறையில் மேற்படிப்புப் படித்தவர். இறுகும் தசைக்கு மருந்து, சிறுநீர்த் தொல்லைக்கு வழி, செயற்கைக் கால், சக்கர நாற்காலி, பயிற்சி ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே கவனித்து, நோயாளி தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள வழி வகுப்பவர். விரல் முறிவுக்கெல்லாம் இவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. பக்கவாதம், தண்டுவடக் காயம், கால் இழப்பு, தலைக்காயம் ஆகியவற்றுக்கு இவர் அவசியம். முதல் சில மாதங்களே பொன்னான காலம்.

இந்த வைத்தியத்தின் பயனுக்கு நம் புனே நகரமே சாட்சி. செயற்கை உறுப்பு மையம் இங்கே 1944-இல் தொடங்கப்பட்டது. தண்டுவடம் பாதித்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் கட்கியில் 1974 முதல் இயங்குகிறது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர், 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றார். நம் தமிழ்நாட்டில், 1954-இல் கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், அமெரிக்கா சென்று இத்துறையைப் பயின்று வந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணியாற்றினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று.

படைவீரருக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு லேத் தொழிலாளிக்கும் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும் கிடைக்க வேண்டாமா? இத்தகைய மருத்துவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கேட்பார் இல்லாத இடத்தில் துறை எப்படி வளரும்?

ஆகவே, டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: "இங்கே மறுவாழ்வு மருத்துவர் உண்டா? இல்லையென்றால் யாரிடம் அனுப்புகிறீர்கள்?" பதிலை எழுதி வாங்குங்கள். பெயர்ப்பலகையில் எம்.டி., பி.எம்.ஆர். என்ற பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வழி கிடைக்காவிட்டால், மும்பை ஹாஜி அலியில் 1955-இல் தொடங்கிய மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்க வேண்டும். வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பணம் கையில் இருந்தால் ஊருக்கு மூட்டை கட்ட அவசரப்பட வேண்டியதில்லை.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கு வீடு வீடாக நன்கொடை திரட்டுகிறோம், நல்ல காரியந்தான். அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வைப்போம். எந்த மருத்துவமனையில் இந்த டாக்டர் எந்தக் கிழமை பார்க்கிறார், கட்டணம் என்ன, எந்த பஸ் போகிறது என்று அதில் குறித்து வைப்போம். மராத்தி தெரிந்த இளைஞர் இருவர், மொழி தெரியாத குடும்பத்தோடு ஒருமுறை போய் வரட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அரைநாள் லீவு போதும்.

உயிர் பிழைத்ததே போதும் என்று அன்று நாம் திருப்திப்பட்டுக்கொண்டோம். பிழைத்தவர் இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ வேண்டியவர் என்பதை மறந்தோம். இன்னொரு வீட்டில் அந்தத் தவறு நேரக் கூடாது.