கத்தி ஓய்ந்தது, வலி ஓயவில்லை!

'அறுவை வெற்றி' என்று மருத்துவமனை ஏட்டிலே எழுதப்படுகிறது. கட்டுப் பிரிக்கப்படுகிறது, தையல் எடுக்கப்படுகிறது, காப்பீட்டுத் தொகை கணக்கிலே சேர்க்கப்படுகிறது, நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். எல்லோருடைய வேலையும் முடிந்தது. முடியாமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான், அவருடைய வலி! அந்த வலிக்கு ஏட்டிலே இடமில்லை. ஏட்டிலே இடமில்லாதது நாட்டிலே இல்லை என்றாகிவிடுமா? அதைத்தான் இன்று கேட்கப் புகுகிறோம்.

மல்லாங்கிணறு! பெயரிலே கிணற்றை வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு வானத்தை நோக்கும் ஊர். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காரியாபட்டியும் சூழ்ந்த அந்த மானாவாரிச் சீமையிலே பிறந்தவர்கள் தொட்டிலிலேயே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. கண்மாய் வற்றினால் தாங்கிக்கொள்; பருத்தி பொய்த்தால் தாங்கிக்கொள்; விலை விழுந்தால் தாங்கிக்கொள். தாங்கித் தாங்கிப் பழகிய அந்த மக்கள், தாடையிலே கத்தி பட்ட பிறகு கன்னம் தீயாய் எரிந்தாலும், அதையும் தாங்கிக்கொள்ள வேண்டியதே தம் கடமை என்று எண்ணிவிடுகிறார்கள். பஞ்சத்தைத் தாங்கிய பொறுமையைப் போற்றுகிறோம். ஆனால் நரம்பு வலியிலே அந்தப் பொறுமை நோய்க்குத் துணை போகிறது என்பதை எடுத்துச் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

அந்தப் பக்கத்துத் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். நூற்பாலைக்குப் போகிறவள். கடைவாய்ப் பல்லை அறுத்து எடுத்தார்கள் என்று வையுங்கள். அல்லது தாடையிலே கட்டி என்று அறுத்தார்கள் என்று வையுங்கள். புண் ஆறிவிட்டது. மூன்றாம் மாதம், மின்விசிறிக் காற்று பட்டால் எரிகிறது. குழாயடியிலே முகம் கழுவினால் சுரீரென்கிறது. சோற்றுக் கவளம் வாய்க்குப் போகும்போது கண்ணிலே நீர் முட்டுகிறது. மருந்துக் கடையிலே வலி மாத்திரை வாங்கினாள், கேட்கவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள், கேட்கவில்லை. வாயு என்றார் ஒருவர். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார் இன்னொருவர். "எந்நேரமும் வலி வலின்னா எப்படித்தா? எனக்குந்தான் பல்லுப் புடுங்குனாக" என்றாள் மாமியார். அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். வாய் மூடியதாலே வலி தீர்ந்ததென்று வீடு எண்ணிக்கொண்டது!

மெய்யாகவே அங்கு நடந்தது என்ன? முகத்திலே தொடுவுணர்ச்சியையும் வலியையும் மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாம் மூளை நரம்பு. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என மூன்றாகப் பிரிவதால் அதை முக்கிளை நரம்பு என்பர். முகத்தை அசைப்பது வேறொரு நரம்பு, அது ஏழாவது. அது கெட்டால் வாய் கோணும், ஊரார் கண்ணுக்குத் தெரியும். ஐந்தாம் நரம்பு கெட்டாலோ முகம் அப்படியே இருக்கும். உள்ளே மட்டும் நெருப்பு மூண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத நோயை நம்ப மறுக்கும் உலகத்திலே, அந்த நோயாளியின் முதல் துன்பம் வலி. இரண்டாம் துன்பம், நம்பப்படாமை.

இந்த வலியிலே இரண்டு வகை உண்டு. ஒன்று, மின்னல்போல் வெட்டி மறைவது. மூளையின் அடிப்பகுதியிலே ஓர் இரத்தக்குழாய் நரம்பின்மீது அழுந்தி அதன் மேலுறையைத் தேய்ப்பதால் பெரும்பாலும் வருவது. 1756-லேயே பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரே இதற்குப் பெயரிட்டு எழுதினார். 1773-லே இலண்டனில் ஜான் ஃபாதர்கில் விளக்கினார். மற்றொன்று, நரம்பே அடிபட்டதால் வருவது. பல் எடுக்கும்போதோ, தாடையை அறுக்கும்போதோ, புற்றுக் கட்டியை நீக்கும்போதோ நரம்பு நசுங்கலாம், அறுபடலாம். அப்போது எரிச்சலும் குத்தலும் ஓயாமல் நிற்கும். தொட்டால் உணர்ச்சியில்லை, ஆனால் அதே இடத்திலே வலி உண்டு என்கிற கொடுமையும் நேர்வதுண்டு. மரத்துப்போன கன்னத்திலே வலியா என்று நகைப்பவர்கள் உண்டு. ஆம், மரத்த இடத்திலேதான் வலி! அறுபட்ட தந்திக்கம்பி தானாகவே பொய்ச்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

வலியைப் போக்கச் செய்கிற அறுவைக்குப் பின்னும் வலி நிற்பதுண்டு. நரம்புக்கும் இரத்தக்குழாய்க்கும் இடையே மெத்தைபோல் ஒரு சிறு பஞ்சுத் துண்டை வைக்கும் முறையை, 1960-களின் பிற்பகுதியிலே அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா வளர்த்தார். பெரும்பாலோருக்கு அது நல்ல பலன் தருகிறது. சிலருக்கோ சில ஆண்டு கழித்து வலி திரும்புகிறது. இந்தித் திரையுலகின் முன்னணி நடிகர் சல்மான் கான் இந்த நோய்க்காக 2011-லே அமெரிக்காவிலே சிகிச்சை பெற்றார். 2025-லே ஒரு நிகழ்ச்சி மேடையிலே, அந்த நரம்பு வலியோடுதான் இன்னமும் தொழில் செய்து வருவதாக அவரே சொன்னார். செல்வமும் செல்வாக்கும் கைகட்டி நிற்கும் ஒருவருக்கே இந்த நிலை. மல்லாங்கிணற்றுத் தாய் வலி தீரவில்லை என்று சொன்னால் மட்டும் அது சோம்பலா, பாசாங்கா?

இன்னும் பின்னோக்கிப் பார்ப்போம். உள்ளத்தின் ஆழத்தை ஆராய்ந்த அறிஞர் சிக்மண்ட் பிராய்டு, 1923-லே தாடையிலும் அண்ணத்திலும் புற்றுநோய் கண்டார். வாய்க்கும் மூக்குக்கும் இடையே இருந்த சுவரே போயிற்று. செயற்கை அண்ணம் ஒன்றைப் பொருத்திக்கொண்டு பேசினார், உண்டார். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள்! 1938-லே நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி வியன்னாவை விட்டு இலண்டன் சென்றார்; 1939-லே மறைந்தார். பதினாறு ஆண்டுகள் வாய் நிறைய வலியோடு வாழ்ந்தவர், அந்தக் காலத்திலேயே நூல் நூலாக எழுதினார். நம் நாட்டிலும் காட்டு உண்டு. 1967 ஜனவரி 12-லே சுடப்பட்டுக் குரல் மாறிப்போன எம்.ஜி.ஆர்., மாறிய குரலோடே திரையிலும் மேடையிலும் நின்றார். மக்கள் அந்தக் குரலை ஏற்றுக்கொண்டார்கள்.

இவற்றைச் சொல்லி, "பார், அவர்களெல்லாம் தாங்கினார்களே, நீயும் தாங்கு" என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. அந்த உபதேசத்தைத்தான் எதிர்க்கிறோம்! பிராய்டுக்குப் பதினாறு ஆண்டும் கூடவே நின்று கவனித்த மருத்துவர்கள் இருந்தார்கள். எம்.ஜி.ஆருக்கு ஏற்றுக்கொண்ட மக்கள் இருந்தார்கள். அவர்களை நிறுத்தியது நெஞ்சுரம் மட்டுமா? விடாத மருத்துவமும், கைவிடாத சுற்றமும் சேர்ந்து நிறுத்தின. அந்த இரண்டையும் கொடுக்காமல் நெஞ்சுரத்தை மட்டும் ஏழையிடம் கேட்பது, விதை நெல்லைக் கொடுக்காமல் விளைச்சலைக் கேட்பது போன்றது.

மருந்து இல்லையா? உண்டு. சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. நரம்பை அமைதிப்படுத்தும் மருந்து வேண்டும். வலிப்பு நோய்க்கென்று வந்த கார்பமாசெபின் மின்னல் வெட்டும் முகவலியை அடக்குகிறது என்று 1962-லேயே கண்டறிந்தார்கள். அடிபட்ட நரம்பின் எரிச்சலுக்குக் கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை உதவுகின்றன. இங்கேதான் இன்னொரு முட்டுக்கட்டை வருகிறது. "இது காக்காய் வலிப்பு மாத்திரை ஆயிற்றே", "இது மனநோய் மாத்திரை ஆயிற்றே" என்று யாரோ சொல்ல, நோயாளி மிரண்டுபோய் மாத்திரையை வீசியெறிகிறார். ஒரே மண்வெட்டி வாய்க்காலும் வெட்டும், வரப்பும் கட்டும். ஒரே மருந்து இரண்டு நோய்க்கு ஆகாதா? எதற்காகத் தருகிறோம் என்று இரண்டே வாக்கியத்திலே தமிழிலே சொல்லிக் கொடுத்தால் இந்த அச்சம் பறந்துவிடும்.

ஆனால் தானாக வாங்கி விழுங்கும் மருந்துகள் அல்ல இவை. சிறிய அளவிலே தொடங்கி, மெல்ல ஏற்ற வேண்டும். மயக்கமும் தள்ளாட்டமும் வரலாம். கார்பமாசெபினுக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை வேண்டும். தோலிலே தடிப்போ கொப்புளமோ கண்டால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். வலி குறைந்ததென்று திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் காட்டாத பல்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது. இந்த வலியைப் பல்வலி என்று தவறாக எண்ணி நல்ல பற்களை இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

வீட்டிலே செய்யக் கூடியவையும் உண்டு. ஆடிக் காற்றிலே போகும்போது கன்னத்தைத் துணியால் மூடிக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவலாம். வலி மிகுந்த நாளிலே கஞ்சியும் குழைந்த சோறும் போதும். எப்போது வந்தது, எதைச் செய்ததும் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு ஒரு நோட்டிலே எழுதி வைத்தால், மருத்துவருக்கு அது பெருந்துணை. நெற்றியும் கண்ணும் மரத்திருந்தால், தூசி விழுந்தாலும் தெரியாது. கண் சிவந்தால் வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. வலி முற்றி, உயிரே வெறுத்தது என்று ஒருவர் சொன்னால், அதைப் பேச்சுக்குச் சொன்னதாகத் தள்ளிவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் 104 எண்ணை அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

இனி, ஆள்வோருக்கும் அதிகாரிகளுக்கும் நம் வேண்டுகோள். 2009-லே வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஏழைக்கும் அறுவைக் கூடத்தின் கதவைத் திறந்தது. 2021-லே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2022-லே விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. மதுரைக்கு ஓட வேண்டிய பலருக்கு வழி குறுகிற்று. இவை நல்ல பணிகள், பாராட்டுகிறோம். பாராட்டும் உரிமை உள்ளவனுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அறுவையை எண்ணுகிற அரசு, அறுவைக்குப் பின் நிற்கிற வலியையும் எண்ணட்டும்!

முதலாவதாக, முகத்திலும் தாடையிலும் கத்தி வைப்பதற்கு முன், நரம்பு அடிபடக்கூடும் என்பதை நோயாளிக்குப் புரியும் தமிழிலே சொல்ல வேண்டும். கைந்நாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. விளங்கிக்கொண்டு தலையசைப்பதே ஒப்புதல். இரண்டாவதாக, தையல் பிரித்ததோடு கணக்கு முடிக்காமல், ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் அழைத்து, மரத்திருக்கிறதா, எரிகிறதா என்று கேட்டு ஏட்டிலே எழுத வேண்டும். நரம்பு அடிபட்டதை விரைவிலே கண்டால் செய்யக்கூடியது அதிகம். காலம் கடந்தால் குறைவு. மூன்றாவதாக, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு செல்லும் சகோதரி, அறுவை செய்துகொண்டவரிடம் "இன்னும் வலிக்குதா அம்மா?" என்று ஒரே கேள்வி கேட்கட்டும். அந்தக் கேள்விக்குச் செலவு ஒரு காசும் இல்லை. நான்காவதாக, நரம்பு வலிக்கான மருந்துகள் பேருந்து ஏறாமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். மருந்து வாங்க ஒரு நாள் கூலியை இழக்கிறவள், இரண்டாம் மாதம் மருந்தையே இழந்துவிடுவாள்.

ஆலை நடத்துவோருக்கும் ஒரு சொல். கன்னத்திலே காற்றுப் படாத இடத்திலே ஒரு தொழிலாளியை நிறுத்துவதால் நூல் அறுந்துவிடாது, இலாபமும் அறுந்துவிடாது.

வலி பற்றி ஆராயும் உலக அமைப்பு, 2020-லே தன் விளக்கத்தைத் திருத்தியபோது ஒன்றைத் தெளிவாக்கியது: ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல் மதிக்கப்பட வேண்டும். அறிவியல் வந்து சேர்ந்த முடிவு இது. நம் மாமியார்களும், மருந்துக் கடைக்காரர்களும், மேற்பார்வையாளர்களும், சில வேளை மருத்துவர்களும் இன்னும் வந்து சேரவில்லை. எல்லா வலியையும் முற்றாகப் போக்க மருத்துவத்தால் இன்று இயலாது. இயலும் என்று பொய் சொல்லவும் மாட்டோம். குறைக்க முடியும். இரவிலே நான்கு மணி நேரத் தூக்கம் தர முடியும். ஒரு கவளம் சோற்றை அழாமல் உண்ண வைக்க முடியும். அதற்கு முதற்படி, வலிக்கிறது என்று சொல்கிறவரை நம்புவது. நம்புவதற்கும் மல்லாங்கிணற்று வானம் பொழிய வேண்டுமென்று காத்திருக்க வேண்டுமா என்ன?