பல்லுக்கு 'கேப்' போடுமுன் கேளுங்கள்!

போன தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு என் கடைவாய்ப் பல்லை இரண்டாகப் பிளந்துவிட்டது. முறுக்கின் மேல் பழியில்லை சகோதரிகளே, தப்பு என்னுடையதுதான்!

அதற்கு ஆறு மாதம் முன்புதான் எங்கள் நாவலூரில் ஒரு பல் டாக்டரிடம் அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டேன். பணம் கட்டி எழுந்த பிறகு, "கேப் போடணும்மா, அது தனிச் செலவு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் நேரம். 'வலிதான் போயிடுச்சே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருந்துவிட்டேன். கடைசியில் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று.

ரூட் கெனாலில் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள். சொத்தை போக மிஞ்சுவது மெல்லிய சுவர்தான். அதனால் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் அவசியம்.

மறுபக்கத்துப் பல்லுக்கும் அதே சிகிச்சை வந்தபோது விவரமாகக் கேட்டுக்கொண்டேன்:

* ரூட் கெனால் முடிந்ததும் பல்லைச் சுற்றிலும் கொஞ்சம் ராவி, அச்சு எடுத்து, நிறம் பார்ப்பார்கள்.

* கேப் தயாராகி வரும்வரை தற்காலிக கேப் இருக்கும். அந்தப் பக்கம் கமர்கட்டு, அல்வா கூடாது.

* கேப் வந்ததும் முதலில் பொருத்திப் பார்ப்பார்கள். கடிக்கும்போது உயரமாகத் தெரிந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சரிசெய்த பிறகே ஒட்டுவார்கள்.

எனக்குச் சொன்ன விலை: உலோகம் 2,500 ரூபாய், உலோகத்தின் மேல் பீங்கான் 5,000, ஜிர்கோனியா 12,000. இது இடத்துக்கு இடம் மாறும். உலோகம் உறுதி, ஆனால் நிறம் தெரியும். பீங்கான் சில சமயம் பெயரும். உள்ளே இருக்கிற பல்லுக்கு அழகு எதற்கு என்று நான் உலோகமே போட்டுக்கொண்டேன்.

எக்ஸ்ரே, ரூட் கெனால், கேப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எத்தனை முறை வரணும், கழன்றால் மறுபடி பணமா என்று ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். கைக்கு அடங்காது என்றால், சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகே 1953 முதல் நடக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்க நேரிடலாம், செலவு மிச்சம்.

கேப் போட்ட பல்லிலும் ஈறு ஓரத்தில் சொத்தை வரும். ராத்திரி பல் தேய்க்காமல் படுக்காதீர்கள்!