கட்டணம் செலுத்தினால் கதவு திறக்குமா?

வேலை தேடும் காலத்தில் சிறு செலவும் பெருஞ்சுமையாகத் தோன்றும். ஆயினும், பணம் செலுத்தினால் வழி பிறக்கும் என்ற நம்பிக்கை எளிதில் வேரூன்றுவதும் அக்காலத்தில்தான். அண்மையில் பெங்களூருவில் வேலையிழந்த நண்பரின் மகள் என்னிடம் கேட்டாள்: “மாமா, லிங்க்ட்இன் பிரீமியத்துக்குப் பணம் கட்டலாமா? கையில் மூன்று மாதச் செலவுக்குத்தான் சேமிப்பு இருக்கிறது.” ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்ல இயலவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்னதை இங்கே பகிர்கிறேன்.

2003-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டு, 2016-இல் மைக்ரோசாப்ட் வசம் சென்ற இத்தளத்தின் அடிப்படைச் சேவைகள் இலவசமானவை. தன்விவரப் பக்கம் அமைத்தல், அறிந்தவர்களோடு இணைதல், பணிகளைத் தேடி விண்ணப்பித்தல் ஆகிய எதற்கும் கட்டணம் இல்லை. சந்தா செலுத்துவோருக்குக் கூடுதலாகக் கிடைப்பவை: அறிமுகமில்லாதவர்களுக்கு நேரடியாக எழுத உதவும் சில இன்மெயில்கள், தம் பக்கத்தைப் பார்வையிட்டவர்களின் விரிவான பட்டியல், பிற விண்ணப்பதாரர்களோடு தம்மை ஒப்பிட்டறியும் விவரங்கள், லிங்க்ட்இன் லேர்னிங் பாடங்கள்.

இவை பயனற்றவை அல்ல. எனினும், வேலையைப் பெற்றுத்தருபவை இவைதாமா என்பதே கேள்வி. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை இங்கே நினைவுகூரத்தக்கது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரை அவர் ஆராய்ந்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்களே. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றே விலகி நிற்பவரிடமிருந்தே புதிய செய்தி வருகிறது.

அத்தகைய அறிமுகங்கள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. முன்னாள் சக ஊழியர், கல்லூரித் தோழர், பழைய வாடிக்கையாளர் ஆகியோருக்கு எழுத இன்மெயில் தேவையில்லை. ஓர் அலைபேசி எண்ணும் சிறிது துணிவும் போதும். கற்பதற்கும் மாற்று வழிகள் உண்டு. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் பாடங்களை இலவசமாகக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கே கட்டணம். 2015-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை இணையதளத்திலும் வேலை தேடுவோர் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

அப்படியானால் யாருக்குச் சந்தா தகும்? புதிய துறைக்கு மாற விரும்பி, அங்கே ஒருவரையும் அறியாதவருக்குத் தகும். தனித்து இயங்கும் ஆலோசகர்களுக்கும், விற்பனைக்காக நாள்தோறும் புதியவர்களை அணுகுவோருக்கும் தகும். இவர்களும் யாருக்கு எழுதப் போகிறோம் என்ற பட்டியலை முதலில் எழுதிக்கொண்டு, பிறகே பணம் செலுத்துவது நன்று. ஆண்டுச் சந்தாவில் மாதக் கணக்குக் குறைவாகத் தெரியலாம். இரண்டே மாதம் பயன்படுத்துவோருக்கு அது சேமிப்பு ஆகாது.

வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. இலவச முன்னோட்டக் காலம் முடிந்ததும் சந்தா தானாகத் தொடங்கிவிடும். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கார்டு வழியாகத் தொடர்ந்து பிடிக்கப்படும் தொகைக்கு முதல் முறை கூடுதல் சரிபார்ப்பு வேண்டும், அதன்பின் ரூ.15,000 வரையிலான தொகை ஒருமுறைக் கடவுச்சொல் இன்றியே கழிக்கப்படலாம். எனினும், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அப்போது அந்தப் பரிவர்த்தனையை மட்டுமோ, முழு ஒப்புதலையுமோ நாம் விலக்கிக்கொள்ளலாம். ஆகவே அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். முன்னோட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே, முடியும் நாளையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

என் கருத்து இதுதான்: நோக்கம் தெளிவாக இருந்தால் ஓரிரு மாதங்களுக்குச் செலுத்தலாம். மனக்கலக்கத்தைத் தணிக்க மட்டும் செலுத்துவதானால், அந்தப் பணம் சேமிப்பிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் கேட்ட அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “முதலில் பழைய அலுவலகத்து நண்பர்கள் இருபது பேருக்கு எழுதுகிறேன் மாமா. அதன்பிறகும் தேவைப்பட்டால் பார்க்கலாம்” என்றாள். அந்த வரிசை சரியென்றே எனக்குப் பட்டது.