நைட்ரேட்டுக்கு மருந்து வேண்டாம்

வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்கும் ஆசை இப்போது பாளையங்கோட்டை வரை வந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் இருக்கிறது. இரண்டு மாதம் போனதும் ஒரே புலம்பல்தான்: "நைட்ரேட் ஏறிக்கிட்டே போகுது சார், என்ன மருந்து ஊத்தலாம்?" மருந்தே வேண்டாம் என்பது என் கட்சி.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகின்றன. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் வேலை அத்தோடு நின்றுவிடும். நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியா, கல்லுக்குள் காற்று எட்டாத துளைகளில் மெதுவாகத்தான் பெருகும். மாதக்கணக்கில் ஆகும்.

மாஞ்சோலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தேயிலைக்கு உரம் போட்ட கையோடு கனமழை பெய்தால் உரம் ஓடையோடு போய்விடும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. தண்ணீர் போகும் வழியில் போகும். மலையில் அது மணிமுத்தாற்றுக்கு இறங்கிவிடும். தொட்டிக்கு வடிகால் ஏது? நாம்தான் வடிகட்ட வேண்டும்.

கணக்கு சுலபம். 100 லிட்டர் தொட்டியில், லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிறது என்று வையுங்கள். 20 லிட்டர் மாற்றினால் 32 ஆகும். மறுபடி மாற்றினால் சுமார் 26. ஆனால் ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் இருக்கக் கூடாது. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் 45 வரை அனுமதி உண்டு. ஆகவே நாம் குடிக்கிற தண்ணீரே தொட்டிக்கு ஆகாமல் போகலாம். ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து ஊற்றுங்கள். தீனியைக் குறையுங்கள். ஃபில்டர் பஞ்சை வாராவாரம் அலசுங்கள்.

சிலர், "தூத்துக்குடிப் பக்கம் சொல்லி வைத்தால் உயிருள்ள பாறை கிடைக்கும், போட்டால் நைட்ரேட் இறங்கிவிடும்" என்கிறார்கள். இறங்கலாம். ஆனாலும் நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். பவளப்பாறை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமாகப் பாதுகாக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் தாமிரபரணி புன்னைக்காயலில் போய்ச் சேர்வதும் அந்த வளைகுடாவில்தான். ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விட்டு அந்தக் கடலைக் கெடுப்பது போதாதா? தொட்டி அழகுக்காக அதன் பாறையையும் பெயர்க்க வேண்டுமா?

கடையில் துளையுள்ள பீங்கான் கல் விற்கிறது. அதை வாங்கிப் போட்டு, மீனைக் குறைவாக வைத்துக் காத்திருங்கள். நைட்ரேட் 10-க்குக் கீழே சில வாரம் நிலைத்து நின்ற பிறகு அடுத்த மீனைப் பற்றி யோசிக்கலாம்.