எங்கள் வகுப்பை ஏன் சாகவிடுகிறீர்கள்?

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தொழிற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அடிப்படை இயந்திரவியல் என் பாடம். வரும் மே மாதம் எனக்கு ஓய்வு. வயசானால் போக வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. என்னோடு சேர்த்து என் பாடப்பிரிவையும் அனுப்பிவைக்கப் பார்க்கிறார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

"ஜூன்ல உங்க குரூப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றார் தலைமையாசிரியர். எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்மொழிதான். இத்தனை வருஷப் படிப்பை மூடுவதற்கு ஒரு கையெழுத்துக்கூடவா தேவைப்படவில்லை?

தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ தொடங்கியபோது தொழிற்பிரிவும் சேர்ந்தே வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளை கையில் ஒரு தொழிலோடு போக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதற்கும் முன்பே, 1966இல், கோத்தாரி குழு இதை வலியுறுத்தியது. அப்படி வந்த படிப்புக்கு என்ன செய்தீர்கள்? ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தைக் காலியாகவே போட்டீர்கள். பிறகு ஆசிரியர் இல்லை என்று சேர்க்கையை நிறுத்தினீர்கள். கடைசியில் மாணவர்களே வருவதில்லை என்று கோப்பை மூடினீர்கள். வாசலை அடைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

முதல் குரூப், இரண்டாம் குரூப் எல்லாம் நிரம்பிய பிறகு மிஞ்சுகிற பிள்ளைகளைத்தான் என்னிடம் அனுப்புவார்கள். சேர்க்கை அன்று ஒரு தகப்பனார் என்னைத் தனியே கூப்பிட்டு, "இது மக்குப் பசங்க குரூப்பா சார்?" என்று கேட்டார். மகனும் பக்கத்தில்தான் நின்றான். அவன் தலை நிமிரவே இல்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான அதே பையன், ஆறு மாதத்தில் வெர்னியர் காலிப்பரைப் பிடித்து 0.02 மில்லிமீட்டர் வரை அளந்து சொன்னான். லேத்தில் கம்பியைச் சக்கில் பொருத்தி, டூல் முனை மையத்துக்கு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, பிறகுதான் சுவிட்சைப் போட்டான். உலோகச் சுருள் உதிர உதிர அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவனையா மக்கு என்கிறீர்கள்? இந்தப் பிரிவில் படித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு, பொறியியல் கலந்தாய்விலும் தனி ஒதுக்கீடு உண்டு. இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல எத்தனை பள்ளிகளில் ஆள் இருக்கிறது?

நாட்டிலேயே தொழிற்சாலைகள் அதிகம் உள்ள மாநிலம் இது. கோவையிலும் ஓசூரிலும் கைத்திறன் உள்ள ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். திறன் வளர்க்க என்று 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது, நல்லதுதான். 2025க்குள் பாதி மாணவர்களுக்காவது தொழிற்கல்வி அனுபவம் வேண்டும் என்று மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையும் எழுதிவைத்தது. மேடைக்கு மேடை திறன், திறன் என்கிறீர்கள். அந்தத் திறனைக் கற்றுக்கொடுக்கிற வகுப்பறைக்கு மட்டும் பூட்டா?

எனக்குப் பிரிவு உபசார விழா வேண்டாம், சால்வையும் வேண்டாம். என் இடத்துக்கு ஓர் ஆசிரியரை நிரந்தரமாகப் போடுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் மூன்று மாதத்துக்கு ஓர் ஆளைப் பிடித்துவந்து கணக்குக் காட்டாதீர்கள். மூடத்தான் போகிறீர்கள் என்றால், அதையாவது எழுத்தில் கொடுங்கள். ஏன் மூடினீர்கள் என்று என் மாணவர்கள் வந்து கேட்கும்போது, காட்டுவதற்கு ஒரு பெயராவது இருக்கட்டும்.